அவள் கேட்ட சூடான நிலம்

என் மனைவி தரையை நிலம் என்றுதான் சொல்வாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் "நிலம் துடைக்கோணும்" என்று அவள் சொன்னபோது, நான் ஜன்னல் வழியாகப் பின்பக்கத்துப் புல்வெளியை எட்டிப் பார்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, சிறுமியாக இருந்தபோதே பெற்றோருடன் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்துவிட்டவள். நான் திருச்சியிலிருந்து படிக்க வந்து, கணினி வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டவன். எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் புழங்கியது. அவள் கதைப்பாள், நான் பேசுவேன். எங்கள் ஒரே மகள் இரண்டையும் கேட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

வீடு கிளென் ஈடனில், சரிவான ஒரு தெருவில் இருக்கிறது. மரக்கட்டைகள்மேல் தூக்கி நிறுத்திய பழைய பலகை வீடு. அடியில் காற்று தாராளமாகப் போய் வரும். ஜூனில் குளிர்காலம் வந்துவிட்டால் பலகை இடுக்குகள் வழியாகக் குளிர் மேலே ஏறும். சுவரில் மாட்டிய ஹீட் பம்ப் தலைக்கு மேல் அனலை ஊதும், கால் விறைத்துக் கிடக்கும். அவள் இரண்டு ஜோடிக் காலுறைகளுக்கு மேல் செருப்பும் போட்டுக்கொண்டு சமைப்பாள். பின்பக்கம் ஒரு பெரிய அறையை இழுத்துக் கட்ட வேண்டும், அதில் தரைக்கு அடியிலேயே சூடு வைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஒரு வருடம் கூரை ஒழுகும், ஒரு வருடம் ஊருக்குப் போவோம். அறை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

பிறகு அவளுடைய வலது கால் வாசற்படியில் தடுக்க ஆரம்பித்தது. செருப்பைக் குறை சொன்னாள். புதுச் செருப்பு வாங்கினாள். அதிலும் தடுக்கியது. அவள் மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருந்தாள். ஒருநாள் மாத்திரைக் குப்பியின் மூடியைத் திறக்க முடியாமல் பக்கத்திலிருந்த பெண்ணிடம் நீட்டியதாக வீட்டுக்கு வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. மருந்துகளைப் பற்றித் தெரிந்தவள். எனக்கு முன்பே அவளுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். கைகால் போகும், பேச்சு போகும், விழுங்குவது போகும், கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது. அந்த மருத்துவர் மென்மையான குரலில், அவசரப்படாமல், எங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். கார் நிறுத்துமிடத்துக்கு வந்து உட்கார்ந்தோம். நான் சாவியைப் போடவில்லை. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"உணர்வு போகாதாம். அதைக் கேட்டனீங்களோ?"

"கேட்டேன்."

"கால அசைக்க ஏலாம போகும். ஆனா குளிர் தெரியும்." பிறகு, "இது நல்லதோ கெட்டதோ எண்டு எனக்கு விளங்கேல்ல," என்றாள்.

நான் அழுதேன். அவள் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரங்களில் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் வந்து கதவுகளின் அகலத்தை அளந்தாள். படிகளைப் பார்த்தாள். குளியலறையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். சக்கர நாற்காலி வந்தபிறகு இந்த வீட்டில் சமாளிக்க முடியாது, வேறு வீடு பார்க்க வேண்டும், இல்லையென்றால் தரைமட்டத்தில் ஒரு அறையும் குளியலறையும் கட்ட வேண்டும் என்றாள். என் மனைவி உடனே, "கட்டுவம்," என்று தமிழில் என்னிடமும் பிறகு ஆங்கிலத்தில் அவளிடமும் சொன்னாள்.

சமையலறை மேசையைச் சுற்றி நாங்கள் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. கட்டட வேலை செய்பவர் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். என் மனைவியின் அண்ணனும் வந்திருந்தார். நகரின் இன்னொரு பகுதியான எப்சமில் இருப்பவர், அவளுக்கு ஒன்றென்றால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறவர்.

பலகைத் தரை போட்டு, சுவரில் இன்னொரு ஹீட் பம்ப் மாட்டினால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றார் கட்டடக்காரர். தரைக்கு அடியில் சூடு வேண்டுமென்றால் கான்கிரீட் போட வேண்டும், அது காய வேண்டும், மழையைப் பார்க்க வேண்டும். மாதங்கள் கூடும்.

"சீக்கிரம் முடியறதுதான் முக்கியம்," என்றேன் நான்.

"எனக்கு நிலம் சூடா இருக்கோணும்," என்றாள் அவள். அப்போதே அவள் நாக்கு கொஞ்சம் தடித்துவிட்டது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

அவள் அண்ணன் குனிந்து அவள் கையைப் பிடித்தார். "பிள்ளை, அறை முடியேக்க நீ நடக்கமாட்டாய். பிறகு நிலத்துக்குச் சூடு என்னத்துக்கு?"

"நடக்கிறவைக்கு நிலம் குளிர்ந்தாலும் பரவாயில்லை அண்ணா. அவை நடந்து போயிடுவினம். நான் ஒரே இடத்தில இருக்கப்போறன்."

கட்டடக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, வரைபடத்தில் ஹீட் பம்ப் இருந்த இடத்தைப் பென்சிலால் அடித்தார்.

நகராட்சி அனுமதிக்குக் காத்திருந்த நாட்களில் தரையில் பதிக்கும் ஓடு வாங்கப் போனோம். அதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. கடையில் வரிசையாக ஓடுகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் நிறத்தைப் பார்க்கவில்லை. "சப்பாத்தக் கழட்டுங்கோ," என்றாள். நான் அவள் முன்னால் மண்டியிட்டு, ஷூவையும் காலுறையையும் கழற்றி, மாதிரி ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் உள்ளங்காலில் வைத்துக் காட்டினேன். வழவழப்பானதை வேண்டாம் என்றாள். சொரசொரப்பானதையும் வேண்டாம் என்றாள். மணல் நிறத்தில் ஒன்றை வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். விற்பனைப் பெண் நடந்து வந்தவள், எங்களைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனாள். அந்தக் கால் அப்போதே மெலிந்துவிட்டது. கையில் எடுத்தால் பறவையை எடுத்ததுபோல் இருந்தது. எத்தனையோ வருடம் அந்தக் காலோடு வாழ்ந்திருக்கிறேன். அதை இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தது அன்றைக்குத்தான்.

வசந்தத்தில் வேலை தொடங்கியது. பின்பக்கப் புல்வெளியைத் தோண்டிச் சமப்படுத்தி, வெப்பம் மண்ணுக்குள் இறங்காமலிருக்க வெள்ளைத் தெர்மாகோல் பலகைகளைப் பரப்பினார்கள். அதன்மேல் கம்பி வலை. குழாய் பதிப்பவர் வந்த அன்று வெயில் அடித்தது. அவளை முற்றத்தில் குடையின் கீழ் உட்கார வைத்தேன். அவர் ஒரு பெரிய சுருளிலிருந்து சிவப்புக் குழாயைப் பிரித்துப் பிரித்து, வலையோடு கட்டி, வளைத்து வளைத்துக் கொண்டு போனார். கோலம் போடுவதுபோல் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னாள். பக்கத்தில் நின்ற மகள்தான் புரிந்துகொண்டு, எங்கே வெந்நீர் முதலில் வரும் என்று அம்மா கேட்கிறாள் என்று ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னாள்.

அவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வெளியே வைக்கப்போகும் கருவி தண்ணீரைச் சூடாக்கும், அது சுவரோரமாக உள்ளே வந்து, எல்லாக் குழாய்களிலும் சுற்றித் திரும்பிப் போகும் என்று விளக்கினார். பிறகு, "நீங்கள் அதிகமாக எங்கே இருப்பீர்கள்?" என்று கேட்டார். அவள் கண்ணால் ஜன்னல் பக்கத்தைக் காட்டினாள். அவர் திரும்பிப் போய் அந்த மூலையில் கட்டியிருந்ததை அவிழ்த்து, குழாய்களை இன்னும் நெருக்கமாக வைத்துக் கட்டினார். அவள் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தாள். நோய் வந்த பிறகு அவளை அப்படிப் பார்த்த நாட்கள் அதிகமில்லை.

கான்கிரீட் ஊற்ற வேண்டிய நாளில் மழை. அடுத்த தேதியிலும் மழை. ஆக்லாந்தில் வசந்தகால மழையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் நான் ஒவ்வொரு தூறலையும் எதிரியாகப் பார்த்தேன். அலுவலகத்தில் கூட்டத்துக்கு நடுவே வானிலையைப் பார்ப்பேன். கடைசியில் ஊற்றினார்கள். சிவப்புக் குழாய்கள் சாம்பல் நிறச் சேற்றுக்குள் மறைந்தன. வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். இனிமேல் அது மெதுவாகக் காய வேண்டும், அவசரப்பட்டுச் சூடேற்றினால் வெடித்துவிடும் என்றார்கள்.

அந்தக் கோடையில் சுவர்கள் எழும்பின, கூரை வந்தது, அவள் குரல் போனது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் தொலைபேசியில் பேசுவதை விட்டாள். பிறகு அண்ணனுக்குப் புரியவில்லை. பிறகு எனக்கு. கடைசிவரை புரிந்துகொண்டவள் மகள். பதினான்கு வயதுப் பெண், பள்ளியிலிருந்து வந்ததும் பையை இறக்கிவைத்துவிட்டு அம்மாவின் வாயருகே காதை வைத்து எங்களுக்கு மொழிபெயர்ப்பாள். ஒருநாள் அவளும் காதை எடுத்துவிட்டு, "ஐம் சாரி, அம்மா," என்றாள்.

கண் அசைவைப் பார்த்து எழுத்துக்களைத் தேர்ந்தெடுத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் பேசலாம் என்றார்கள். அவள் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவள், ஆனாலும் தமிழ்தான் வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தாள். மகள் எங்கெங்கோ தேடித் தமிழ்க் குரல் ஒன்றை அதில் ஏற்றினாள். அது சென்னையில் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல்போல இருந்தது. என் மனைவி முதன்முதலாக ஒற்றைச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாள், அவள் ஊரில் ஆமாம் என்பதற்குச் சொல்லும் சொல். "ஓம்" என்றது கருவி, பூசைக்கு மந்திரம் சொல்லத் தொடங்குவதுபோல, நீட்டி, பயபக்தியோடு.

அவள் அண்ணன் சிரித்துவிட்டார். "உன்னை ஐயராக்கிப் போட்டுது," என்றார். அவளும் சிரித்தாள், முகத்தின் ஒரு பக்கத்தால். பிறகு நீண்ட நேரம் கண்ணை நகர்த்தி நகர்த்தி எழுதினாள். கருவி அந்தச் செய்திக் குரலில் வாசித்தது. "நான் உங்கட ஊர்க்காரியா மாறிட்டன் என்னப்பா."

நான் சிரிக்க முயன்றேன். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். பின்தொடர்ந்து போனேன். பாதி கட்டிய அறையின் மரச்சட்டங்களுக்கு நடுவே நின்று அழுதுகொண்டிருந்தாள். "தட்ஸ் நாட் ஹர்," என்றாள். "அவளுடைய குரல் எனக்கு இப்போதே மறக்கிறது, அப்பா."

ஓடுகள் ஒட்டி முடித்த வாரம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சுத் திணறி, மருத்துவமனையில் சேர்த்தோம். திரும்பி வருவாளா என்று சொல்ல முடியாது என்றார்கள். அவள் அங்கே இருக்கும்போதுதான் குழாய் பதித்தவர் வந்து சூட்டைத் தொடங்கி வைத்தார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். காலையில் நான் அந்த வெற்று அறைக்குள் போய்க் குனிந்து உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பேன். மருத்துவமனைக்குப் போனதும் அவளிடம் சொல்வேன். "இன்னைக்கு லேசா தெரியுது." அடுத்த நாள், "இன்னைக்கு ஜன்னல் பக்கம் நல்லாவே தெரியுது." மூச்சுக்கருவியின் முகமூடிக்கு மேல் அவள் கண்கள் என்னையே பார்க்கும். பேசும் கருவியை முன்னால் வைத்தால், "இன்னும் சொல்லுங்கோ," என்று எழுதுவாள். தரையைப் பற்றி எவ்வளவுதான் சொல்ல முடியும்? நான் சொன்னேன். வெயில் எங்கே விழுகிறது, ஓட்டு இடுக்கில் பூசியது எப்படிக் காய்ந்திருக்கிறது, மகள் காலுறை இல்லாமல் நடக்கிறாள், எல்லாவற்றையும்.

அவள் வீட்டுக்கு வந்தாள். மே மாதம், குளிர் தொடங்கிவிட்டது. புது அறைக்குள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலருகே நிறுத்தினேன். வெளியே மழை பெய்தது. உள்ளே இதமாக இருந்தது. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவள் கண்கள் கீழே போயின. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. புது நாற்காலி சாய்வு நாற்காலி. கால்கள் தொங்கினால் வீங்குகின்றன என்று செவிலியர் அவற்றை உயர்த்தி வைத்திருந்தார். படுக்கையும் உயரமானது. தரை முழுவதும் சூடாக இருந்தது. அவளுடைய பாதங்கள் அதற்கு மேலே, எட்டாத உயரத்தில், போர்வைக்குள் குளிர்ந்து கிடந்தன. இத்தனை பேர் பார்த்துப் பார்த்துச் செய்ததில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் அவள் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்தேன். அவள் கருவியைப் பார்க்க மறுத்துவிட்டாள். அன்று முழுவதும் ஒரு சொல்கூட எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மகள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். அம்மாவைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவதற்காகக் கூரையில் தண்டவாளம்போல ஒரு தூக்கி பொருத்தியிருந்தார்கள். அதில் தொங்கும் துணித்தொட்டிலைத் தரைவரைக்கும் இறக்கலாமே என்றாள். அண்ணனைக் கூப்பிட்டோம். மட்டமாகப் படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். அதனால் நான் தரையில் உட்கார்ந்து கட்டிலில் சாய்ந்துகொண்டேன். அண்ணன் பொத்தானை அழுத்த, அவள் மெல்ல மெல்லக் கீழே இறங்கி என் மார்பில் வந்து சாய்ந்தாள். கனமே இல்லை. மகள் அவள் காலுறைகளைக் கழற்றி, இரண்டு கால்களையும் நேராக நீட்டி, குதிகால் ஓட்டில் படும்படி வைத்தாள். பிறகு முழங்காலை மடக்கி உயர்த்தி, உள்ளங்கால் முழுவதும் தரையில் பதியும்படி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"நிலம் சூடா இருக்கோ அம்மா?" என்று கேட்டாள்.

ஆங்கிலத்தில் இல்லை, என் தமிழிலும் இல்லை. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கருவி மேலே நாற்காலியில் இருந்தது, எடுக்க யாரும் நினைக்கவில்லை. என் மார்பில் அவளுடைய முதுகு இருந்ததால் மூச்சு எனக்குத் தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக நிதானமானது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. மழை விட்டு, வெயில் வந்து, அதுவும் போனது. என் கால் மரத்துவிட்டது. அசைந்தால் முடிந்துவிடும் என்று அசையாமல் இருந்தேன்.

அதன்பிறகு முடிந்தபோதெல்லாம் அப்படி இறக்கினோம். அதிக முறை முடியவில்லை. ஜூலையில், ஒரு காலை வேளையில், மகள் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்பாக, அவள் போய்விட்டாள்.

அவர்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்ற காரியம். வீட்டில் பெரிய அறை அதுதான் என்பதால் அங்கேயே எல்லாரும் கூடினார்கள். மருத்துவமனைக் கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கூரையில் தண்டவாளம் மட்டும் இருந்தது. படையல் முடிந்து, வந்தவர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவளுக்குத் தூரத்து உறவான ஒரு அம்மா ஓட்டைத் தடவிப் பார்த்து, "என்ன சுகமான நிலம்! எழும்ப மனமில்லாமக் கிடக்கு," என்றார். பக்கத்திலிருந்தவர்களும் தொட்டுப் பார்த்தார்கள். எந்த நிறுவனம், எவ்வளவு கரண்ட் எடுக்கும் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நான் கையிலிருந்த பாயசப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனேன்.

எல்லாரும் கிளம்பியதும் சூட்டை அணைத்தேன். கான்கிரீட் சட்டென்று ஆறாது. அன்று முழுவதும், மறுநாளும் தரை சூடாகவே இருந்தது. அதற்கு மறுநாள்தான் குளிர்ந்தது. அலுவலகத்திலிருந்து நான் வந்தபோது வெளியே தண்ணீரைச் சூடாக்கும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. மகள் திரும்பப் போட்டிருந்தாள்.

"ஏன் போட்ட?"

"நீ ஏன் அணைத்தாய்?"

"என்னால அங்க நிக்க முடியலம்மா. சூடா இருந்தா அவ இல்லாதது ரொம்பத் தெரியுது."

"எனக்குக் குளிர்ந்திருந்தால்தான் தெரிகிறது," என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நாங்கள் இருவரும் கதவின் இரு பக்கமும் நின்றோம். அவள் உள்ளே, நான் வெளியே. அவள்தான் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு அரிசி களையப் போனாள்.

இப்போது அந்த அறை மகளுடையது. மேசையை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறாள். பாதி நேரம் மேசையில் உட்காராமல் தரையில் புத்தகங்களைப் பரப்பிவைத்துப் படிக்கிறாள், அங்கேயே தூங்கியும்விடுகிறாள். வீட்டை விற்றுவிட்டு எப்சம் பக்கம் வந்துவிடு என்று மச்சான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது நியாயம்தான், அவருக்கும் எங்களை விட்டால் வேறு யார்? அவள் பள்ளி முடிக்கட்டும், பிறகு யோசிக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சாப்பாடு தயாரானால் கதவருகே நின்று கூப்பிடுவேன். சில நாள் அவள் வரமாட்டாள். அப்போது தட்டுகளை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போகிறேன்.